கோட்டை வாசல் கல்லும் ‘வடுகு’ என்ற சொல்லும்

வாசற்படி (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பவள். சென்ற மாதம் அவர்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிச் சென்றபோது, வழக்கம்போலக் கோட்டை வாசலில் நிறுத்தி, அங்குள்ள இரட்டைக் கயலையும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் தமிழ் எழுத்துகளையும் காட்டினேன். காட்டியபடியே, நாம் எல்லோரும் சிறுவயதில் மனப்பாடம் செய்த பாட்டையும் சொன்னேன்: ‘முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே...’ (குளக்கோட்டன் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன்; பறங்கி என்றால் போர்த்துக்கீசர்.) அதற்குப் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் உடைய அந்நியர்கள் ஆண்டு போவார்கள் என்றும், கடைசியில் எல்லாம் ‘வடுகாய் விடும்’ என்றும் முடித்தேன்.

முன்னால் நின்ற பிள்ளை ஒருத்தி கல்லுக்குக் கிட்டப் போய், எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதில பூனைக்கண் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கல் சிதைந்த கல். ‘குள’ என்றும் ‘பற’ என்றும் துண்டு துண்டாகத்தான் கண்ணுக்கு அகப்படுகிறது. விடுபட்ட இடங்களை அறிஞர்கள் அடைப்புக்குறிக்குள் நிரப்பிப் படித்திருக்கிறார்கள். நான் அறிந்த அத்தகைய வாசிப்பு ஒன்றில் கண்களைப் பற்றிய பேச்சே இல்லை. பறங்கி பிரித்ததைத் திரும்பக் கட்டப் பின்வரும் அரசர்கள் எண்ணமாட்டார்கள் என்ற பொருளில் அது முடிகிறது. அப்படியானால் கல் சொல்வது அரசர்கள் மீதான ஒரு மனத்தாங்கல். நம் நாவில் இருப்பதோ ஒரு தீர்க்கதரிசனம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி வேறு வேறு திசைக்குப் போகின்றன. இவற்றில் எதை நான் வரலாறு என்று வகுப்பில் சொல்வது? ஊரைப் பற்றி அறிந்த பெரியவர்கள் தங்கள் எண்ணத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முற்றவெளி

பிள்ளை, உங்கள் மாணவி கேட்டது நல்ல கேள்வி. எனக்கு எழுபது கடந்துவிட்டது. இந்தப் பாட்டை எனக்குச் சொல்லித் தந்தவர் என் தகப்பனார். அவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். 9.4.1942 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது, சனம் நகரை விட்டு ஓடிய வழியிலே, ‘வடுகு வந்திட்டான்’ என்று அவருடைய தாயார் சொல்லி அழுதாராம். ஜப்பான்காரனுக்கும் வடுகுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தமிழில் வடுகர் என்றால் வடக்கே இருந்து வந்த தெலுங்கு பேசுவோர். அதனால் கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க அரசர்களையே பாட்டு குறிக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் புகைக்கண்ணுக்கும் செங்கண்ணுக்கும் பிறகு வர வேண்டிய வடுகன் அவர்களுக்கு முன்னமே வந்து போனது எப்படி என்ற இடத்தில் அந்த விளக்கமும் தடுமாறும். 1987இல் இந்திய இராணுவம் வந்திறங்கியபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு முதியவர் இதே பாட்டைச் சொல்லி, ‘இவங்கள்தான்’ என்றார். மூன்றே ஆண்டுகளில் அவர்களும் போய்விட்டார்கள். பாட்டு இன்னும் இருக்கிறது.

என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். போர்த்துக்கீசர் 1622ஆம் ஆண்டளவில் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். கோயிலுக்குப் போகிற வழியே கோட்டையின் வழியாகிப் போன ஊரில், இடிந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டே வாழ வேண்டியிருந்தது. ‘இப்படி நடக்குமென்று முன்னமே எழுதியிருந்தது’ என்று நம்பினால், பறிகொடுத்தவன் வெறுங்கையனாக இருந்தாலும் ஏமாந்தவனாக இருக்கமாட்டான். அந்த ஆறுதலுக்காகவே கல்லிலே இல்லாத அடிகள் நாவிலே வளர்ந்தன என்பது என் துணிபு.

கட்டடம் இல்லாத காலத்திலும் சனம் மலையுச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்தியது. 1950இல் நகரில் கிணறு தோண்டிய இடத்தில் சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தபோது நான் சிறுவன். சனநெரிசலில் என் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, வெயிலில் கொதித்த கல்லில் வெறுங்காலோடு ஏறியது நினைவிருக்கிறது. அன்றைக்கு யாரும் பாட்டின் கடைசி அடியைச் சொல்லவில்லை. முதலடியை மட்டும் சொன்னார்கள்.

தம்பலகாமத்து வயற்காரன்

ஐயா எழுதியதோடு எங்கள் பக்கத்து விடயத்தையும் சேர்க்க விரும்புகிறேன். மலையில் கோயில் இடிந்தபின் கோணேசருக்கு இடம் கொடுத்தது தம்பலகாமம். ஆதிகோணேசர் கோயிலில் இன்றைக்கும் எந்தக் குடும்பம் எந்தத் தொழும்பைச் செய்ய வேண்டும் என்பதில் பிசகு வராது. திருவிழாவில் தீவட்டி பிடிப்பது எங்கள் வீட்டுக்கு உரியது. கொழும்பில் வேலை பார்க்கும் என் தமையன், விடுமுறை கிடைக்காத ஆண்டில் சம்பளத்தை வெட்டுக் கொடுத்தாவது அந்த ஒரு இரவுக்கு வந்து, எண்ணெய் முழங்கை வரை வழிய நின்றுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போவார்.

இந்த ஒழுங்கெல்லாம் கோணேசர் கல்வெட்டு என்ற நூலில் இருக்கிறது. பெயரைக் கேட்டுக் கல்லில் வெட்டியது என்று சிலர் எண்ணுவதுண்டு. அது கவிராச வரோதயர் பெயரால் வழங்கும் நூல். பெரும்பகுதி பாட்டு, ஒரு பகுதி உரைநடை. குளக்கோட்டன் கோயிலைக் கட்டி, மருங்கூரிலிருந்து தானத்தாரையும், காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும், மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனையும் அழைத்துவந்து, ஒவ்வொருவர்க்கும் நிலத்தையும் கடமையையும் வகுத்தான் என்று அது கூறும். குளமும் கோட்டமும் கட்டியதால் குளக்கோட்டன் என்று பெயர் வந்தது என்பார்கள். கந்தளாய்க் குளத்தையும் நாங்கள் அவன் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். பாளி வம்சக் கதைகளின்படி பார்த்தால் அது ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு உரியது. 20.4.1986 அன்று அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, இரண்டு கதைக்காரர்களும் ஒரே மேட்டில்தான் ஏறி நின்றார்கள்.

டீச்சர், கல் எதுவும் சொல்லட்டும். ஒரு நூல் நூற்றுக்கணக்கான குடும்பங்களை நானூறு ஆண்டாக ஒரு கோயிலோடு கட்டி வைத்திருக்கிறதே, அதுவும் வரலாறு இல்லையா?

கொட்டியாரக் கரைச்சி

வயற்கார அண்ணன் கோபிக்கக் கூடாது. அந்த நூல் கட்டி வைத்தது உண்மை. யாரை எந்த இடத்தில் கட்டி வைத்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? தீவட்டி பிடிப்பவருக்கு அது பெருமை. கோயிலின் உள்வீதிக்கு வரமுடியாமல் வெளியே நின்று தொழும்பு செய்தவர்களின் வீட்டில் அதே நூலைப் பற்றிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். கடமை என்ற சொல்லால் சாதியை மூடி, அதற்கு ஓர் அரசனின் பெயரையும் வைத்துவிட்டால், பிறகு அதைக் கேள்வி கேட்பது சாமியைக் கேள்வி கேட்பதாகிவிடுகிறது.

இன்னொன்று. அந்த நூலின்படி எல்லோரும் எங்கிருந்தோ அழைத்துவரப்பட்டவர்கள். அழைக்காமலே இங்கே இருந்தவர்களுக்கு அதில் இடம் எங்கே? மூதூருக்கும் வெருகலுக்கும் இடைப்பட்ட கரையோரங்களில் வேடர் குடிகள் தமிழ் பேசி, தேன் எடுத்து, மீன் பிடித்து வாழ்கிறார்கள். என் தாயின் தாய் அவர்களில் ஒருத்தி. வருடத்துக்கு ஒருமுறை காட்டோரம் மடை வைத்து, பொங்கி, தெய்வமேறி ஆடுவார்கள். பாட்டுகள் நீளமானவை, அவற்றில் வரும் சில சொற்களுக்கு அவர்களுக்கே பொருள் தெரியாது. அம்மம்மாவிடம் ஒரு சொல்லைக் காட்டி இதென்ன என்று நான் கேட்டபோது, “அது தெய்வத்துக்கு விளங்கும், உனக்கென்னத்துக்கு?” என்று அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார். எந்தக் கல்லிலும் ஏட்டிலும் ஏறாத வரலாறு இப்படித்தான் கிடக்கிறது. போரில் இரண்டு முறை இடம்பெயர்ந்த பிறகு, அந்தப் பாட்டுகளை முழுமையாகப் பாடக்கூடியவர்கள் எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

கோட்டை வாசல் கல்லில் விழுந்த எழுத்துகளைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறோம். எழுதவே படாதவற்றைப் பற்றி ஒரு வரியாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இலங்கேசன் வழி

எல்லாரும் நானூறு வருடக் கதையிலேயே நிற்கிறீர்கள். திருகோணமலை இராவணன் ஆண்ட மண். இராவணன் வெட்டு கண்முன்னே இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் வாளால் பிளந்த மலை. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

முற்றவெளி

தம்பி, மலை பிளப்பதற்கு வாள் தேவையில்லை. பாறையின் இயல்பும் காலமும் போதும். ஐயாயிரம் என்ற கணக்கை எங்கே எண்ணினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனாலும் இராவணனை நான் தள்ளிவிடவும் மாட்டேன். தாய்க்கு அந்தியேட்டி என்ற ஈமக்கடன் செய்ய இராவணன் வாளை ஊன்றிய இடத்தில் ஊற்றெடுத்தது என்று சொல்லும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத்தான் என் தாயாரின் முப்பத்தோராம் நாள் நானும் போனேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் அள்ளி ஊற்றும்போது தோள் சுள்ளென்றது, அடுத்ததில் அள்ளியபோது இதமாக இருந்தது. இராவணன் இருந்தானா என்று அந்த நேரத்தில் நான் ஆராயவில்லை. தாயை இழந்த மகன் ஒருவன் எனக்கு முன்னே இங்கே நின்றான் என்று நினைக்க மனம் கொஞ்சம் ஆறியது. வாளையும் வயதையும் வைத்து வழக்காடுவது எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம். வழக்கு என்று வந்தால் எதிர்ப்பக்கமும் ஒரு வயதைக் கொண்டுவரும்; பிறகு கிணற்றடியில் அழுபவனுக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

பாதைத்துறை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். 2009இல் பாலம் திறக்கும் வரை நகரத்துப் பாடசாலைக்குப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. அந்தப் பாதையில்தான், ஒரு தமிழ் ஆசிரியர் வாயால், ‘முன்னே குளக்கோட்டன்’ பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். கேட்டதும் எனக்கு ஒட்டிய சொல் ‘பறங்கி’.

வரலாற்றில் அதற்குக் காரணமுண்டு. போர்த்துக்கீசர் 1626இல் தங்கள் ஆளுகையிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். கோயில் இடிந்ததும் நாங்கள் விரட்டப்பட்டதும் ஏறத்தாழ ஒரே காலம், ஒரே கை. ஆனால் பாட்டில் கோயில் மட்டும் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; யார் வீடு எரிந்ததோ அவர்தான் முதலில் பாடுவார். எங்களுடைய பாட்டை நாங்கள் பாடியிருக்க வேண்டும். பாடினோமா என்று என் மூத்தம்மாவிடம் கேட்டால், அவர் மௌலூதும் வயல்வெளிக் கவியும் சொல்வாரே தவிர, 1626 பற்றி அவருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

ஒரு மொழியைப் பேசுவதால் மட்டும் ஒரு நினைவு கிடைத்துவிடாது என்பதைப் பாதையில் நின்ற அந்த வயதில் விளங்கிக்கொண்டேன். அதே சமயம், தமிழ் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு என் காதில் ஏறியே இருக்காது. மூதூரின் வ. அ. இராசரத்தினம் ஒரு கத்தோலிக்கர். மீனவச் சிறுவனையும் அவனுடைய ஆசையையும் வைத்து அவர் எழுதிய ‘தோணி’ கதையைப் படித்தபோது, அந்தச் சிறுவன் எங்கள் துறையில் நிற்பவன் என்றே எண்ணினேன். கதையில் அவன் எந்த மதம் என்று பார்க்கத் தோன்றவில்லை. கல் தராததை ஒரு சிறுகதை தந்தது.

கடைசி ராக்கை

இலக்கியத்தைப் பற்றி இப்போதுதான் ஒருவர் தொட்டார். அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன். நூலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவனுக்கு இந்தப் பேச்சில் ஒரு வேடிக்கை தெரிகிறது.

இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கத்தில் மூன்று பெயர்களைச் சொல்வோம்: 1885இல் சித்திலெவ்வையின் அசன்பேயுடைய சரித்திரம், 1891இல் இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை, 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி. பின்னிருவரும் திருகோணமலைக்காரர்கள். மோகனாங்கியைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்றே சொல்வார்கள். இத்தனை பெருமையும் உடைய ஊரின் நாவல்கள் எந்த ஊரைப் பற்றியவை என்று பாருங்கள். ஊசோன் பாலந்தை ஐரோப்பியக் கதை ஒன்றின் தழுவல். மோகனாங்கி நாயக்கர் காலத்துத் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் சுற்றுகிறது. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் மாநிலக் கல்லூரி நூலகத்தில் பணியாற்றியவர். அவர் கையெட்டும் தூரத்தில் கிடந்தது அந்த வரலாறு. குளக்கோட்டன் அவருக்குத் தெரியாதவனா? தெரிந்தும் அவர் வடுக மன்னனான சொக்கநாத நாயக்கனைக் கதாநாயகன் ஆக்கினார். எங்கள் பாட்டு எந்தச் சொல்லை அச்சத்தின் பெயராக வைத்திருந்ததோ, அந்தச் சொல்லுக்குரியவனையே எங்கள் ஊர்க்காரர் காதல் நாயகனாக்கி எழுதியிருக்கிறார். இதை யாரும் கவனித்து எழுதியதாக நான் படித்ததில்லை. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

இதற்கு நேர் எதிரானது சம்பந்தர் பதிகம். ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’ என்று ஏழாம் நூற்றாண்டில் பாடியவர், சேக்கிழார் சொல்வதன்படி இராமேசுவரத்தில் நின்று பாடினார். கடலைத் தாண்டவில்லை. அலை முத்தைக் கொண்டுவந்து கொழிப்பதையும், நெருங்கிய குடிகளோடு ஊர் பெருகியிருப்பதையும் காணாமலே பாடினார். நாமோ அதைக் கண்ணால் கண்டவர் சாட்சியம்போல மேடையில் எடுத்துக் காட்டுகிறோம். அங்கிருந்தவர் இங்கே பார்த்தார். இங்கிருந்தவர் அங்கே பார்த்தார். இந்த ஊரின் அடையாளத்தை இந்த ஊர் எல்லைக்குள் தேடினால் பாதி கிடைக்காது.

இன்னொரு இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை. சுற்றுவட்டத்துத் தமிழ்ச் சனம் அதை நாதனார் கோவில் என்றது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் ஆட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், தமிழ்ப் பெயருடையவர்கள் அந்தப் புத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்ததைச் சொல்கின்றன. சைவப் பேரரசன் பெயரில் புத்தப் பள்ளி, அதற்குத் தமிழர் கொடை. ‘தமிழன் என்றால் சைவன், விகாரை என்றால் சிங்களவன்’ என்று இரண்டு பக்கத்திலும் வெட்டி வைத்திருக்கும் கணக்கை அந்தக் கற்கள் ஒரு நிமிடத்தில் குழப்பிவிடும். நான் அங்கே போன நாளில், பெயர்ப்பலகையைப் படித்த ஒரு தமிழ்க் குடும்பம் ‘இது எங்களது இல்லை’ என்று திரும்பியது. பலகைக்குப் பின்னால் நின்ற கல் முழுவதும் தமிழ் எழுத்து.

டீச்சர், கல்லா நாவா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே பிரிகின்றன என்று காட்டுங்கள். பிரிகிற இடத்தில்தான் சனம் இருக்கிறது.

தம்பலகாமத்து வயற்காரன்

கரைச்சித் தங்கச்சி எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். தமையனிடம் போனில் வாசித்தும் காட்டினேன். அவர் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சின்ன வயதில் தேர்முட்டிக்கு அப்பால் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு எல்லாப் பெயரும் நினைவிருந்தது. நூலில் அந்தப் பெயர்கள் இல்லை. இதற்கு மேல் எழுத எனக்கு இப்போது ஒன்றும் வரவில்லை.

வாசற்படி

எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். கல்லில் உள்ளபடியே, விழுந்த எழுத்துகளுக்கு இடம் விட்டு, கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு நிரப்பி வாருங்கள் என்றேன். மறுநாள் சிலர் முழுப் பாட்டோடு வந்தார்கள், பலர் வெறுங்கையோடு வந்தார்கள். புலம்பெயர்ந்து கனடாவில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த ஒருவனுடைய தாளில் ‘வடுகு’ என்ற இடத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று நாடுகளின் பெயர் இருந்தது. முதலில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை முதல் இரண்டு அடிகளை மட்டும் கொண்டுவந்தாள். மிச்சம் எங்கே என்றேன். அவளுடைய அம்மம்மா அத்தோடு நிறுத்திவிட்டாராம். “மிச்சத்தைத்தான் நாங்கள் பாத்திட்டமே, அதை என்னத்துக்கு எழுதுறாய்” என்றாராம்.

வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவன், பறங்கி தன் ஊரையும் பிரித்தானா என்று கேட்டான். பாதைத்துறை அவர்கள் எழுதிய 1626 பற்றி அவனுக்குச் சொன்னேன். தன் கொப்பியில் தனியாகக் குறித்துக்கொண்டான்.

அடுத்த தவணையில் வெல்கம் விகாரைக்குப் போக அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கடைசி ராக்கை ஐயா, அங்கே எந்தக் கல்லில் எழுத்துத் தெளிவாக இருக்கிறது, காலையில் போவது நல்லதா மாலையில் போவது நல்லதா என்று சொல்ல முடியுமா? கரைச்சி அக்கா, உங்கள் ஊர் மடைச் சடங்கு எந்த மாதத்தில் வருகிறது? பிள்ளைகளைக் கூட்டிவர இடம் தருவார்களா என்று பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கடைசி ராக்கை

காலையில் போங்கள். வெயில் சரிந்து விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். உச்சிப் பொழுதில் கல் வெறும் கல்லாக இருக்கும். நானும் வருகிறேன்.

கொட்டியாரக் கரைச்சி

கேட்டேன். பிள்ளைகள் வரலாமாம். போனில் படம் பிடிக்கக் கூடாது, பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டு போகலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அரிசி கொண்டுவரச் சொல்லுங்கள், டீச்சர்.